இரவல் நோவு

பனியன் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். அதற்கு நீளமான வேறு பெயர் ஒன்று பெட்டியின் மேல் அச்சடித்திருந்தது. அதை வாசித்தவர் யாருமில்லை. உள்பக்கம் முழுக்க மயிரிழை போலக் கம்பிகள், பிடரியில் ஒட்டிக்கொள்ளும் வட்டத் தகடு ஒன்று, அவ்வளவுதான். ஆஷிக் அந்தத் தகட்டில் ஒரு கேஸை ஏற்றிவிட்டால், எப்போதோ எவரோ பட்ட நோவு வந்து பலவேசத்தின் உடம்புக்குள் உட்கார்ந்துகொள்ளும். புண் இருக்காது. காய்ச்சல் இருக்காது. கழற்றினால் தழும்பும் இருக்காது. நோவு மட்டும் இருக்கும்.

அதைச் சுமந்துகொண்டு கட்டிலில் படுத்திருப்பதுதான் வேலை. பயிற்சி டாக்டர்கள் ஒவ்வொருவராக உள்ளே வருவார்கள். எங்கே வலி, எப்போதிலிருந்து என்று கேட்பார்கள். அமுக்கிப் பார்ப்பார்கள். இன்ன நோய் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். இந்த வேலைக்கு வந்தவர்களைச் சுமையாள் என்று கூப்பிட்டார்கள். பலவேசத்துக்கு அது புதிதாகப் படவில்லை. உப்பளத்தில் மூட்டை தூக்கியே முதுகு தேய்ந்தவர். அங்கே பெல்ட்டு வந்து மூட்டைகள் தானாக லாரிக்கு நடக்க ஆரம்பித்ததும், மிச்சமிருந்த முழங்காலை வைத்துக்கொண்டு பைபாஸ் ரோட்டில் இருந்த இந்த மருத்துவக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார்.

சேர்ந்த அன்றைக்கே ஆஷிக்கிடம் கேட்டார், இதெல்லாம் எதற்கு என்று. பனியன்களைப் பார்த்துக்கொள்கிற டெக்னீஷியன் அவன். வாய் ஓயாது.

"மெஷினு எல்லாத்தையும் சொல்லிருதுல்லா அண்ணாச்சி. ஒரு சொட்டு ரத்தம் குடுத்தா நோய் பேரு வந்துரும். அதனால இந்த டாக்டர் பிள்ளையள்லாம் நோயாளி மூஞ்சியப் பாக்கதையே விட்டுட்டாவ. ஒரு நாளு மெஷினு படுத்துக்கிச்சு. அம்புட்டு டாக்டர் இருந்தும் ஒருத்தருக்கும் வயித்த அமுக்கிப் பாக்கத் தெரியல. அப்புறந்தான் பேசிப் படிங்க, தொட்டுப் படிங்கன்னு சட்டம் போட்டாவ."

"நெசமான நோயாளிட்டயே படிக்க வேண்டியதான?"

"ஒரு கிளாஸு பிள்ளையளும் வந்து ஒரே இடத்த அமுக்குனா, நோயாளி செருப்பக் கழத்திருவான் அண்ணாச்சி. நீங்கன்னா கழத்த மாட்டிய."

சட்டதிட்டம் கொஞ்சம்தான். கேட்டால் மட்டும் சொல்ல வேண்டும். உடம்பு சொல்வதைச் சொல்ல வேண்டும். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. கேஸ் யாருடையது என்று யாருக்கும் தெரியாது. வயது, ஆணா பெண்ணா, என்ன வேலை, இந்த மூன்றும் எழுதிய அட்டை ஒன்று கட்டில் தலைமாட்டில் தொங்கும்.

பலவேசத்துக்கு வேலை பிடித்திருந்தது. நோவு பிடித்திருந்தது என்று சொல்ல முடியாது. நெஞ்சைப் பிசைகிற கேஸ்களும், கண்ணுக்குப் பின்னால் ஆணி இறக்குகிற கேஸ்களும் உண்டு. ஆனால் நாள் பூராவும் யாராவது வந்து, எங்க வலிக்கு, சாப்பிட முடியுதா, தூக்கம் வருதா என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். வீட்டில் அதைக் கேட்க ஆள் கிடையாது. மனைவி சண்முகக்கனி போய்ச் சேர்ந்தபிறகு அந்த ஒற்றை அறையில் பேச்சு என்பதே இல்லை. பிள்ளையும் இல்லை. சாயங்காலம் ஆஷிக் பனியனைக் கழற்றியதும் நோவு சட்டென்று போய்விடும். போனதும் உடம்பு முழுவதும் காலியாகிவிட்டதுபோல் இருக்கும். அப்படியே பஸ் ஏறி வீட்டுக்குப் போய், வாங்கிவந்த இட்லியைத் தின்றுவிட்டுப் படுத்துக்கொள்வார். அவருடைய சொந்த முழங்கால் வலியை அங்கே விசாரிக்க யாருமில்லாததால் அவரும் அதைப் பொருட்படுத்துவதில்லை.

பெண்களின் கேஸைப் பெண் சுமையாள் சுமப்பதுதான் வழக்கம். அந்த வேலையில் இருந்த ஒரே அம்மாள் மகள் பிரசவத்துக்கென்று மதுரைக்குப் போய்விட்டாள். பரீட்சை நெருக்கத்தில் வேறு ஆள் கிடைக்கவில்லை. ஆஷிக் கையைப் பிசைந்துகொண்டு வந்து நின்றான். ஒரே ஒரு கேஸ்தான், இடுப்புவலி, லேசானது, கொஞ்ச நாளைக்குச் சமாளித்துக்கொடுங்கள் என்றான். பயிற்சி டாக்டர்களில் ஒருவன் அட்டையைப் பார்த்துவிட்டு, இன்றைக்கு அண்ணாச்சி நமக்கு அக்காவா என்று சிரித்தான். பலவேசமும் சிரித்தார். நோவுக்கு வேட்டி என்ன, சேலை என்ன.

பனியனைப் போட்டதும் இடது பக்கம், கடைசி விலா எலும்புக்குக் கீழே, யாரோ கட்டைவிரலை உள்ளே விட்டுத் திருகுவதுபோல வலி வந்தது. லேசு என்று சொன்னவனை மனதுக்குள் வைதுகொண்டே படுத்தார். தொண்டை வறண்டுபோயிருந்தது. ஃபேன் ஓடாத அறை, அதனால்தான் என்று நினைத்தார். ஆஷிக்கிடம் தண்ணீர் வாங்கிக் குடித்தார். முதலில் வந்த பையன் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தபோதுதான் அது நடந்தது.

அவருடைய நாக்கு, அவரைக் கேட்காமல், மேல்வரிசையில் இடது பக்கம் போய் ஒரு பல்லின் இடத்தைத் துழாவியது. அங்கே பல் இருந்தது. நாக்கு நம்பவில்லை. திரும்பத் திரும்பப் போய், இருக்க வேண்டிய ஓட்டையைத் தேடியது.

பலவேசத்துக்கு அப்படி ஒரு பழக்கம் எந்தக் காலத்திலும் கிடையாது. அந்தப் பழக்கம் யாருக்கு இருந்தது என்று அவருக்குத் தெரியும். மூட்டைச் சணலைப் பல்லால் கடித்து இழுத்து, அந்த இடத்துப் பல்லைப் பாதியாக உடைத்துக்கொண்டவள் சண்முகக்கனி. அதற்குப்பிறகு யோசனை வந்தாலும் கோபம் வந்தாலும் நாக்கு அங்கே போய்விடும். கன்னம் லேசாக உப்பும். உப்பியிருந்தால் அன்றைக்கு அவர் வாயைத் திறக்க மாட்டார்.

பையன் ஏதோ கேட்டான். என்ன சொன்னோம் என்று பிறகு அவருக்கு ஞாபகமில்லை. அவன் முதுகைத் தட்டினான், உடம்பு துள்ளியது, அவன் திருப்தியாக எழுதிக்கொண்டு போனான். அடுத்து ஒருத்தி வந்தாள். அடுத்து இன்னொருவன். எல்லோரும் தட்டினார்கள். உடம்பு ஒவ்வொரு தரமும் துள்ளியது. கனி உள்ளே இருந்தாள். இடது கை தானாகப் போய் இடுப்பில் ஊன்றிக்கொண்டது, அவள் ஊன்றுவதுபோலவே, விரல்கள் பின்பக்கமாக.

கடைசி நாட்களில் அவளை இந்தக் கல்லூரியைச் சேர்ந்த ஆஸ்பத்திரியில்தான் வைத்திருந்தார்கள். இடுப்பில் ஒரு பெல்ட்டு மாட்டி, ஆராய்ச்சிக்கு என்று கைநாட்டு வாங்கினார்கள். மருந்துப் பெல்ட்டு என்று அவர் நினைத்திருந்தார், நோவைப் பிடித்துவைக்கிற பெல்ட்டு என்று இப்போதுதான் தெரிந்தது.

சாயங்காலம் ஆஷிக் தகட்டைக் கழற்ற வந்தபோது, கொஞ்ச நேரம் கிடக்கட்டும் தம்பி என்றார். அவன் விநோதமாகப் பார்த்தான். நோவைக் கழற்றாதே என்று சொன்ன சுமையாளை அவன் கண்டதில்லை. பலவேசம் சுற்றிவளைத்துக் கேட்டார். இந்த கேஸ் இன்னும் எத்தனை நாளைக்கு ஓடும்?

"இது முடிஞ்சுபோச்சு அண்ணாச்சி. இந்த வருசத்துப் பிள்ளையள்ல ஒருத்தி மட்டுந்தான் பாக்கி, ஜெனிட்டான்னு. அதுவும் கண்டுபிடிச்சுட்டுன்னா அழிச்சிரணும்."

"அழிக்கதுன்னா?"

"ஒண்ணுமில்லாம. செத்தவங்க நோவ வேலை முடிஞ்ச பிறகும் வச்சிருக்கக் கூடாதுன்னு சட்டம். எல்லாரும் பாஸாயிட்டா வேலை முடிஞ்சுது."

"அந்தப் பிள்ளை கண்டுபிடிக்கலைன்னா?"

"அப்பம் அடுத்த வருசத்துக்கும் இருக்கும்" என்றான் ஆஷிக். "ஆனா அவ இருக்க மாட்டா. ரெண்டு கேஸு ஏற்கெனவே தவறவிட்டாச்சு. பரீட்சையில இதும் போச்சுன்னா வீட்டப் பாக்கப் போவேண்டியதான்."

ஜெனிட்டா மறுநாள் மத்தியானம் வந்தாள். குலசேகரப்பட்டினம் பக்கம், கடற்கரை ஊர்க்காரி. அப்பா பஸ் கண்டக்டர். ஊரிலேயே முதல் டாக்டராகப் போகிறவள், அந்தப் பாரம் முகத்தில் தெரிந்தது. மற்றவர்களைப்போலச் சளசளவென்று கேட்கத் தெரியவில்லை. ஒரு கேள்வி கேட்டுவிட்டு, பதிலைக் கேட்டபிறகும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் ஏதாவது வரும் என்பதுபோல. அந்த மௌனம் பலவேசத்துக்குக் கஷ்டமாக இருந்தது. எங்க வலிக்கு அண்ணாச்சி என்று மறுபடி கேட்டாள். இடுப்பில் என்று மட்டும் சொன்னார். திரும்பிப் படுக்கச் சொல்லி, முஷ்டியை மடக்கி விலா எலும்புக்குக் கீழே தட்டினாள்.

உயிர் போகிற வலி. அவர் அசையவில்லை.

காலில் ஆணி ஏறிய நிலையில் லாரி வரைக்கும் மூட்டையைக் கொண்டுபோய்ப் போட்டவர். அசையாமல் இருப்பது எப்படி என்று அந்த உடம்புக்குத் தெரியும். அவள் இன்னொரு தரம் தட்டினாள். வலிக்கலையே தாயி என்றார். சதைப்பிடிப்பு என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

ஏற்கெனவே தவறவிட்டவள் என்பதால் அவளுக்கு இது பரீட்சை இல்லை, பரீட்சைக்கு முந்திய பழக்கம்தான். பேராசிரியை வத்சலா அவளுடைய தாளைப் பார்த்துவிட்டு எல்லோர் முன்னாலும் கேட்டாராம், இந்தக் கையை வைத்துக்கொண்டு மாவு பிசையலாமே, எதற்கு மருத்துவம் என்று. ஆனாலும் பரீட்சை வரைக்கும் தினமும் மத்தியானம் வந்து பழகிக்கொள்ள அனுமதி கொடுத்தார். அதை ஆஷிக் வந்து சொன்னபோது பலவேசத்துக்குள் ஒரு சந்தோஷம் எழும்பிற்று. அது தப்பான சந்தோஷம் என்று தெரிந்தது. தெரிந்தும் எழும்பிற்று.

அதற்குப்பிறகு மத்தியானங்கள் அவருடையவை ஆயின. சோற்றைச் சீக்கிரம் தின்றுவிட்டு, ஆஷிக் கூப்பிடுமுன்பே பனியனுக்குக் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பார். வலி வந்து உட்கார்ந்ததும் வீட்டுக்கு ஆள் வந்துவிட்டதுபோல் இருக்கும். நாக்கு ஓட்டையைத் தேடும். கை இடுப்பில் ஊன்றும். பேச்சு கிடையாது, முகம் கிடையாது, ஆனாலும் அவள்தான். உயிரோடு இருந்த காலத்தில்கூட இவ்வளவு கிட்டத்தில் இருந்ததில்லை என்று நினைத்துக்கொள்வார். ஜெனிட்டா வந்து கேட்பாள். அவர் மழுப்புவார். தட்டுவாள். அசைய மாட்டார். அவள் போனபிறகு கட்டிலில் அப்படியே கிடப்பார்.

ஒன்று மட்டும் அவருக்குப் புரியவில்லை, அந்தத் தாகம். ஜெனிட்டா கவனித்துவிட்டு, தன்னுடைய தண்ணீர் பாட்டிலைக் கொண்டுவந்து வைக்க ஆரம்பித்தாள். முழுப் பாட்டிலையும் குடித்தார். வயிறு உப்பியது, தொண்டை மட்டும் நனையவே இல்லை.

அவர்களுக்குள் பேச்சு வளர்ந்தது. தேர்வில் தவறினால் அப்பாவிடம் என்ன சொல்வது என்றே தெரியவில்லை என்றாள் ஒரு நாள். பஸ்ஸில் ஏறுகிறவர்களிடமெல்லாம் மகள் டாக்டர் என்று சொல்லிச் சொல்லித்தான் டிக்கெட் கிழிக்கிறாராம். பலவேசம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்தப் பிள்ளையா, கனியா என்று கேட்டால், கனி என்று சொல்லத் தயாராக இருந்தார். இந்தப் பிள்ளைக்கு வேறு வழி ஏதாவது கிடைக்கும். கனிக்கு வேறு உடம்பு கிடைக்காது.

பரீட்சைக்கு முந்தின நாள் அவள் கொஞ்சம் தெளிச்சியாக வந்தாள். வெளிநோயாளிப் பிரிவில் அன்று காலை டூட்டியாம்.

"உங்களால எனக்கு இன்னைக்கு ஒரு உபகாரம் அண்ணாச்சி. இடுப்புவலின்னு ஒரு அக்கா வந்தாங்க. மெஷினுக்குக் கூட்டம் நிக்கி. நானே தொட்டுப் பாத்தேன். தட்டும்போது பல்லக் கடிச்சாங்க, ஆனா அசையல. வலிக்கலைன்னுட்டாங்க. உங்களப்போலத்தான். சதைப்பிடிப்புன்னு தைலம் எழுதிக் குடுத்து அனுப்பிட்டேன். மெஷினு இல்லாம நானே பாத்த மொத நோயாளி."

பலவேசம் எழுந்து உட்கார்ந்தார். பக்கவாட்டில் வலி கிழித்தது.

"அந்தப் பொம்பளைக்கு என்ன வேலை?"

"அட்டையில கூலின்னு இருந்துச்சு."

"என்ன கூலின்னு கேட்டியளா?"

கேட்கவில்லை என்றாள். அவருடைய முகம் போன போக்கைப் பார்த்து, கையிலிருந்த பாட்டிலைக் கீழே வைத்தாள். கையெல்லாம் வெடிச்சிருந்துச்சு, உப்புப் பூத்தமாதிரி, என்றாள் மெதுவாக.

சொல்லாமல் இருக்க அவர் ஒரு முயற்சி செய்தார். நாக்கு பல்லைத் தேடிக்கொண்டிருந்தது. சொன்னால் இன்றோடு இது முடியும் என்று அவருக்குத் தெரிந்தது. பிறகு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்தார்.

"தட்டுங்க தாயி."

தட்டினாள். உடம்பு துள்ளி, கட்டில் சுவரில் இடித்தது. வாயிலிருந்து வந்த சத்தம் அவருடைய சத்தமாக இல்லை.

"இப்படித்தான் மொத நாள்லயிருந்து வலிக்கி" என்றார். "நாந்தான் காட்டல. நீங்க கண்டுபிடிச்சுட்டா இத அழிச்சிருவாவ. இது எம் பொண்டாட்டி."

ஜெனிட்டா கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தார். கோபம் வந்த மாதிரியும் இருந்தது, ஆனால் அதற்கு அவளுக்கு நேரமில்லை. பாய்ந்து எழுந்து போனை எடுத்து வெளிநோயாளிப் பிரிவைக் கூப்பிட்டாள். அந்த அக்காவைப் பற்றிச் சொல்லி, எப்படியாவது திரும்பக் கூப்பிட்டு உடனே படுக்கையில் சேர்க்கச் சொன்னாள். விலாசம் இருக்கிறதா, ஆள் அனுப்புங்கள், நான் வருகிறேன் என்று கத்தினாள். வாசல் வரைக்கும் போனவள், திரும்பி வந்து கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"அந்த அக்கா கிடைச்சா நான் என்ன கேக்கணும்? இது எதனால வந்துச்சு அண்ணாச்சி? சுகர் இருந்துச்சா உங்க வீட்டம்மாவுக்கு?"

இல்லை என்றார். ஒரு நோயும் கிடையாது, உப்புப் பாத்தியில் ஆம்பளைக்குச் சரியாக நின்று வாருவாள் என்றார்.

ஜெனிட்டா அவருடைய கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு முழங்காலும் ஒன்றோடொன்று இறுக்கி ஒட்டியிருந்தன. அவர் அதைக் கவனித்ததே இல்லை. எப்பவும் இப்படித்தான் வைத்திருக்கிறீர்கள், பனியன் போட்டிருக்கும்போது மட்டும், என்றாள். இவ்வளவு தண்ணீர் குடித்தும் தாகம் போகவில்லையென்றால் அது உங்கள் தாகமாக இருக்க முடியாது என்றாள். பிறகு கேட்டாள்.

"உப்பளத்துல பொம்பளையளுக்கு ஒண்ணுக்குப் போவ இடம் எங்கன அண்ணாச்சி?"

பலவேசம் பதில் சொல்ல வாயைத் திறந்தார். உப்பளம் கண்முன்னே விரிந்தது. கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளை. செடி இல்லை, சுவர் இல்லை, ஒரு மேடு இல்லை. ஆம்பளைகள் வரப்போரம் திரும்பி நின்றுகொள்வார்கள். அவரும் நின்றிருக்கிறார். பெண்கள் எங்கே போனார்கள்? இத்தனை வருஷத்தில் அவர் அதை நினைத்ததே கிடையாது. கேனிலிருந்து தண்ணீர் பிடித்து நீட்டினால், எனக்குத் தாகமில்லை, நீரு குடியும் என்பாள் கனி. அவள் மட்டுமில்லை, ஒரு பெண்ணும் குடிக்க மாட்டாள். விடியுமுன் வீட்டை விட்டுக் கிளம்பினால் வெயில் தாழ்ந்து வீடு திரும்புகிறவரைக்கும் குடிக்காமலும் போகாமலும்.

"இடம் இல்ல" என்றார். "ஒரு இடமும் இல்ல தாயி."

ஜெனிட்டா எழுந்து ஓடினாள்.

அந்த அக்காள் சாயங்காலமே கிடைத்துவிட்டாள். தைலத்தைத் தேய்த்துக்கொண்டு மறுபடி வேலைக்குப் போக ஆயத்தமாக இருந்தாளாம். சிறுநீரகத்தில் சீழ் பிடிக்க ஆரம்பித்திருந்தது, சரியான நேரத்துக்கு வந்துவிட்டீர்கள் என்று வார்டில் சொன்னார்கள். மறுநாள் பரீட்சையில் ஜெனிட்டா நோயின் பெயரை எழுதினாள். அதற்குக் கீழே காரணத்தையும் எழுதினாள். வத்சலா அம்மாள் அதை வாசித்துவிட்டு, காரணத்துக்கு மதிப்பெண் கிடையாதே என்றாராம். இருக்கட்டும் மேடம் என்றாளாம் இவள். அந்த அம்மாள் அந்தக் காரணத்தை இன்னொரு தரம் படித்துவிட்டு, கையெழுத்துப் போட்டாராம்.

பலவேசம் செய்ததை ஜெனிட்டா யாரிடமும் சொல்லவில்லை. அவரிடமும் அதைப்பற்றிப் பேசவில்லை. அழிக்கிற அன்றைக்கு வந்து நின்றாள்.

அது யாருடைய நோவு என்று பலவேசம் ஆஷிக்கிடம் சொல்லியிருந்தார். பரீட்சைக்குப் போடுவது இந்த கேஸில் ஒரு துண்டுதான், மிச்சமும் இருக்கிறது, பெல்ட்டுக் கடைசிவரைக்கும் இடுப்பில்தானே இருந்தது என்றான். அந்தக் கடைசித் துண்டு பூட்டியிருக்கும். சுமையாளுக்குப் போடக் கூடாது. ஒரு டாக்டர் கையெழுத்துப் போட்டுப் பக்கத்தில் இருந்தால் திறக்கலாம். அவன் ஜெனிட்டாவைப் பார்த்தான். அவள் பலவேசத்தைப் பார்த்தாள்.

"நீங்க கூட இருந்தியளா அன்னைக்கு?" என்று கேட்டாள்.

இல்லை என்றார். பெண்கள் வார்டு, ஆம்பளையை உள்ளே விடமாட்டார்கள். வெளியே படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். பயிற்சி டாக்டர்கள் டீ குடித்துச் சிரித்துக்கொண்டு அந்தப் படியில் ஏறி இறங்கினார்கள். ஒவ்வொருத்தன் முகத்தையும் பார்த்து வைத்துக்கொண்டார், சபிப்பதற்கு. யாருக்கும் என்னவென்றே தெரியவில்லை. வாயுத் தொல்லை என்றார்கள், சதைப்பிடிப்பு என்றார்கள். மெஷின் சொன்னபோது பிந்திவிட்டது. ஒற்றையாகக் கிடந்து போய்விட்டாள் என்பதுதான் இத்தனை நாளும் அவர் நெஞ்சில் கிடந்தது.

போடுங்க, என்றார். ஜெனிட்டா கையெழுத்துப் போட்டாள்.

இந்தக் கடைசித் துண்டு ஓடும்போது யாரும் அவரைத் தொடக் கூடாது, தொட்டால் அதுவும் இதுவும் கலந்துவிடும் என்று ஆஷிக் எச்சரித்தான். பலவேசம் கண்ணை மூடிக்கொண்டார்.

பெரிய வலியை எதிர்பார்த்திருந்தார். வலி இருந்தது, ஆனால் பக்கத்து வீட்டுச் சத்தம்போலத் தள்ளி இருந்தது. முதலில் பாதங்கள் காணாமல் போயின. பிறகு முழங்கால்கள், இறுக்கம் விட்டு, தாமாகவே பிரிந்தன. தாகம் போனது. நாக்கு அசையவில்லை. இடுப்பில் திருகிக்கொண்டிருந்த விரலை யாரோ மெல்ல வெளியே எடுத்தார்கள். இவ்வளவுதானா என்று நினைத்தபோது வலது மணிக்கட்டில் மூன்று விரல்கள் வந்து பதிந்தன.

குளிர்ந்த விரல்கள். ஆணா பெண்ணா என்று தெரியவில்லை. உப்பில் அடிபடாத, இளசான விரல்கள் என்று மட்டும் தெரிந்தது. கொஞ்ச நேரம் அழுத்திக்கொண்டிருந்தன. பிறகு எடுத்துவிடுவார்கள் என்று நினைத்தார். எடுக்கவில்லை. விரல்கள் சரிந்து இறங்கி, முழு உள்ளங்கையும் வந்து அவள் கையின் மேல் மூடிக்கொண்டது. இடுப்பு போனது, மார்பு போனது. அந்தக் கை இருந்தது. எல்லாம் போனபிறகும் கொஞ்சம் இருந்தது.

கண்ணைத் திறந்தபோது ஜெனிட்டா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"எங்கையப் பிடிச்சியளா தாயி?"

"இல்ல அண்ணாச்சி. தொடவே இல்ல." இரண்டு கைகளும் வெள்ளைக் கோட்டின் பைகளுக்குள் இருந்தன.

அவர் தன் மணிக்கட்டைக் காட்டினார். மூன்று விரல் வைத்துப் பதிந்த இடத்தை இடது கையால் தொட்டுக் காண்பித்தார். நாடி பிடித்துப் பார்த்திருப்பார்கள் போலிருக்கிறது, வேலையாக வந்தவர்கள், என்றார்.

ஜெனிட்டா அவர் மணிக்கட்டைக் குனிந்து பார்த்தாள்.

"நாடி பாக்கதுக்கு மெஷினு இருந்திருக்குமே அண்ணாச்சி. கடைசிவரைக்கும் ஓடிட்டிருந்திருக்கும். இப்பம் யாரும் விரல் வைக்கதில்ல. வைக்க வேண்டிய அவசியமே கிடையாது."

"பின்ன எதுக்கு வச்சாவ?"

அன்றைக்கு டூட்டியில் எங்களைப்போல ஒரு பயிற்சி டாக்டர்தான் இருந்திருப்பார் என்று மட்டும் சொன்னாள். பேர் தெரியுமா என்று கேட்டார். எங்கேயும் இருக்காது என்றாள்.

அழிக்கட்டுமா என்று ஆஷிக் கேட்டான். பலவேசம் பனியனைத் தானே கழற்றி அவன் கையில் கொடுத்தார்.

வெளியே வராந்தாவில் டூட்டி மாறுகிற நேரம். பயிற்சி டாக்டர்கள் தூக்கக் கலக்கத்தோடும் சிரிப்போடும் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தார்கள். ஒருவன் டீ டம்ளரோடு வந்தான். ஒருத்தி கூந்தலைக் கட்டிக்கொண்டே ஓடினாள். பலவேசம் சுவரோரம் ஒதுங்கி நின்றார். அந்த முகங்கள் எதுவும் அவருக்கு வேண்டியிருக்கவில்லை. போகிறவர்கள் வருகிறவர்களின் கைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.